கிளினிக்குக்கு முந்தின மூன்று நாள்

வாழைச்சேனை ஆற்றில் இறால் பிடிக்கச் சிறிலை விட்டால் ஆளில்லை. அத்தாங்கு வலையைத் தள்ளிக்கொண்டு நடக்கையில், வெறுங்காலால் சேற்றைத் துழாவியே இறால் கிடக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார். இருபது வருடம் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தக் கால்களால்தான்.

சீனி வருத்தம் வந்து ஏழு வருடம். மற்ற நாளெல்லாம் பிளேன்ரீக்கு மூன்று கரண்டி சீனி, கூடக் கடிக்க ஒரு பணிஸ். கிளினிக் வருகிறதென்றால் மட்டும் மூன்று நாளைக்கு மனிதர் முனிவராகிவிடுவார். பாகற்காய்ச் சாறும் அவித்த கீரையும்தான். சாற்றைப் பிழிந்து கொடுப்பவள் மனைவி நிலானி. கள்ளம் என்று தெரிந்துதான் பிழிந்தாள். தாதி ஏசுவாரே, ஊசி போடச் சொல்வார்களே என்ற பயம் இருவருக்கும்.

வெறும் வயிற்றுச் சீனி நூற்றுப்பத்து என்று வரும். விழுங்குகிற பழைய குளிசையே போதுமென்று கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுப்பார்கள். சிறில் வழியில் ஒரு சோடா குடித்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

மாசியில் ஒரு நாள் சீமெந்துத் தரையில் இரத்தத் தடம் கிடந்தது. சிறிலின் இடது காலைச் சிப்பி வெட்டியிருந்தது.

"நோகல்லயா?" என்றாள் நிலானி.

"ஒண்டும் தெரியல்ல புள்ள."

சேற்றுக்குள் இறாலைக் கண்டுபிடித்த கால் அது.

மூன்று கிழமையில் பெருவிரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் நுஸ்ரா கொப்பியையும் புதிய இரத்தச் சோதனையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கொப்பியில எல்லாம் நல்லா இரிக்கு. ஆனா இந்தச் சோதனை மூணு மாசக் கதையச் சொல்லும். ரத்தத்தில இரிக்கிற புரதத்தில சீனி ஒட்டினா லேசில கழலாது. ரத்தத்த உறைய வைக்கிற புரதமும் கூடிரும். ரத்தத் தண்ணியே தடிச்சிரும். கால் விரலுக்குப் போற குழாய் நூல விட மெலிசு. அதுக்குள்ள எப்பிடி ஓடும்? நரம்பும் செத்திட்டு."

"மூணு நாள் பத்தியம் இரிந்தா சரி வராதா?" என்று சிறில் கேட்டார்.

டொக்டர் நிலானியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பாவி நான்தான், வேறு யார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மறு கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கையில் கட்டிலில் இருந்தபடி சிறில் கேட்டார்: "பாகற்காய் வாங்கினியா?"

"இனி பிழிய மாட்டன். மறுகா மற்றக் காலும் போயிரும்."

"இந்தக் கால் நல்லாத்தான் இரிக்கு. நுள்ளிப் பாரு," என்று வலது காலை நீட்டிவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலானி பெருவிரலில் நகம் பதிய நுள்ளினாள். இன்னும் அழுத்தினாள்.

"என்ன பாத்துக்கிட்டு இரிக்காய்?" என்றார் சிறில். "நுள்ளன்."