சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய்ச் சட்டி

அப்பா புரட்டாசியில் இறந்துபோனார். ஐப்பசியில் தீபாவளி வந்தது. அக்காவுக்கு அது தலைதீபாவளி.

வைகாசியில்தான் அவளைப் புளியங்குடியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் வீட்டில் எலுமிச்சம்பழ வியாபாரம். மூன்று மகன்களில் அத்தான் கடைசி. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இரண்டு பேரும் எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தபோது, அப்பா அத்தானைக் கூட்டத்துக்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார், தொலைந்துபோகிற பிள்ளையைக் கூட்டிப் போவதுபோல.

"தீவாளிக்கு வாங்க மாப்ளே. எங்க வீட்டு சுசியத்தைத் தின்னு பாருங்க. ஒண்ணு தின்னா மத்தியானச் சோறு வேண்டாம்."

அத்தான் கூச்சத்தோடு சிரித்தார். மாமனார் பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். ஆனால் அது உள்ளதுதான். கடலைப்பருப்பை அவித்து, ஆட்டி, வெல்லமும் தேங்காயும் ஏலக்காயும் போட்டுப் பூரணம் கிண்டுவது அம்மா. அதை உருட்டுவது அப்பா. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் அடுப்படியில் வந்து உட்காருவார். மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தவர். மூட்டை தூக்கிக் காய்த்த உள்ளங்கை. அந்தக் கைக்கு அடங்கின அளவுதான் உருண்டை. பெரிய நாட்டு எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

"மனுசன் வாய்க்குள்ள போற மாதிரி உருட்டுங்களேன்" என்பாள் அம்மா.

"ரெண்டு கடியாக் கடிச்சாப் போவாதாக்கும்?" என்பார் அப்பா. ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி, அதே பதில். அக்காவும் நானும் அதைக் கேட்பதற்காகவே பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் கொடுக்கிற பலகாரத்தைத் தின்னலாம், நாமாகச் சுடக் கூடாது. மருமகனை அழைத்துத் தலைதீபாவளி கொண்டாடவும் முடியாது. அதனால் அக்காவுக்கு மாமியார் வீட்டிலேயே தீபாவளி என்று அப்பாவின் காரியத்தன்றே பேசி முடித்துவிட்டார்கள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. நீ நேரத்துக்குச் சாப்பிடு, அது போதும்" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் ஏறினாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில், புளியங்குடி மண்டிக்குப் போய்விட்டு வந்த எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் வாசலில் நின்று அம்மாவிடம் பேசினார். கெட்ட எண்ணம் உள்ளவர் இல்லை. பார்த்ததைச் சொன்னார்.

"ஒம்ம மகளைப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கா. ஓரகத்திமாருக்கு ரெண்டு பேருக்கும் பொறந்த வீட்டுப் பலகாரம் கூடை கூடையா வந்து எறங்கிட்டு. ஒம்ம மகதான் எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சிக்கிட்டு இருந்தா."

அவர் போன பிறகு அம்மா உள்ளே போய்க் கடலைப்பருப்பை அளந்து ஊறப்போட்டாள்.

"யம்மா, என்ன செய்யுத?"

"பூரணம் கிண்டப் போறேன்."

"எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதுல்லா?"

"நான் எங்கலே எண்ணெய்ச் சட்டி வைக்கேன்? பருப்புதானே அவிக்கேன். சாம்பாருக்கு அவிக்கலையா?" சொல்லிவிட்டு, அவளுக்கே சந்தேகம் வந்து கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாள். "ஏய்யா, கிண்டலாமா கூடாதா? நீ காலேசுல படிச்சவந்தானே. பொஸ்தகத்துல எதும் போட்டிருக்கா?"

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பி.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தேன். எதுவானாலும் என்னிடம் கேட்பார்கள். அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இங்கிலீஷில் இரண்டு வரி சொன்னார். எனக்குப் புரிந்தது. படித்ததில் கிடைத்தது அவ்வளவுதான். அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? வராந்தாவில் அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

"அதெல்லாம் பொஸ்தகத்துல போட்டிருக்காதும்மா."

"போடலைன்னா செய்யலாம்" என்று அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.

பூரணம் கிண்டிவிடலாம், சரி. யார் எண்ணெயில் போடுவது? எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர். அம்மா சுவரோரம் போய்க் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுச் சித்தி கரண்டியும் கையுமாக வந்தாள். சொந்தம் இல்லை, பழக்கத்தில் சித்தி. அவள் வீட்டில் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "ஏட்டி, அதை அமத்து" என்று மகளை அதட்டினாள்.

"இருக்கட்டும், பாடட்டும்" என்றாள் அம்மா. விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கு என்னக்கா யோசனை? பூரணத்தைக் கொண்டாங்க. எங்க மாவுலயே முக்கிப் போட்டுத் தாரேன். எங்களுக்குச் சட்டி காஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு." பிறகு குரலை இறக்கி, "நீங்க வேணும்னா வந்து பக்கத்துல..." என்று இழுத்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா நான் வரப்படாது" என்றாள் அம்மா.

சித்தி வற்புறுத்தவில்லை. புதிதாகத் தாலி இறக்கினவள் பண்டிகை நாளில் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். எங்கள் வீட்டு எண்ணெய்ச் சட்டியும் அந்தப் பக்கம் போகக் கூடாது. போகக்கூடியவை பூரணமும் நானும்தான்.

அப்பா உட்காருகிற இடத்தில் பலகையைப் போட்டு அம்மா என்னை உட்காரச் சொன்னாள். பூரணம் இன்னும் சூடு ஆறவில்லை. எலுமிச்சை அளவுக்கு எடுத்து உருட்டிக் காட்டினேன்.

"பெருசா."

இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்.

"ஏலே, அதுக்கும் பெருசா. அப்பா உருட்டுதாப்ல."

"சின்னதா இருந்தா என்னம்மா?"

"அவ அதைத் தின்னுதான் வளந்தா. பொறந்த வீட்டுல இருந்து வருதுன்னா அது அப்பிடித்தான் வரணும்."

அப்பாவின் கையில் ஒரே அமுக்கில் உருண்டுவிடும். எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. உருண்டையில் விரிசல் விட்டது. ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் வாய் பிளந்தது. அம்மா வாங்கித் தடவிச் சரிசெய்து தட்டில் வைத்தாள். கடைசியில் பார்த்தால் தட்டு நிறைய உருண்டைகள் தாறுமாறாக இருந்தன. அளவு மட்டும் அப்பாவின் அளவு.

தட்டைக் கொண்டுபோனேன். சித்தி பார்த்துவிட்டு மூக்கில் விரலை வைத்தாள்.

"என்னலே இது, சுசியமா, பந்தா? எங்க சட்டி தாங்குமா?"

முதல் உருண்டையை மாவில் முக்கி எண்ணெயில் விட்டாள். அடிப்பக்கம் நன்றாகத்தான் வெந்தது. திருப்பிப் போடக் கரண்டியைக் கொடுத்ததும் டப்பென்று வெடித்துப் பூரணம் எண்ணெயெல்லாம் பரவியது. வெல்லம் கருகிப் புகைந்தது. சித்தியின் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாவதும் அப்படியே ஆனது.

"ஏ படிச்ச பயலே, எண்ணெய் பூராம் நாசமாப் போச்சு பாரு! போய் ஒங்கம்மாட்ட சொல்லு, சின்னதா உருட்டித் தரச் சொல்லு. நிமிசத்துல போட்டுத் தாரேன்."

அம்மா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். புகை வாசம் அவளுக்கு முன்பே வந்துவிட்டது.

"உடஞ்சிட்டா?"

"ரெண்டு உடஞ்சிட்டும்மா. சின்னதா உருட்டித் தரச் சொல்லுதாங்க."

"மாவு எப்பிடி இருக்கு? தோசை மாவு மாதிரியா, இட்லி மாவு மாதிரியா?"

திரும்ப ஓடினேன். கேட்டுக்கொண்டு வந்தேன். "இட்லி மாவு மாதிரின்னு சொல்லுதாங்க."

"பொறவு ஏன் உடையுது? எண்ணெய் காயலையா?"

மறுபடி ஓடினேன். "நல்லாக் காஞ்சிருக்காம்."

அம்மாவின் கை அவளுக்குத் தெரியாமல் காற்றில் இல்லாத கரண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தது. பத்தடி தூரத்தில் சட்டி. எட்டிப் பார்க்கச் சுவர் தடையில்லை, சித்தி வீட்டு அடுப்படிக் கதவு பாதி சாத்தியிருந்தது. திறந்து வைக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அவள் கேட்கிற கேள்வியை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அங்கிருந்து வருகிற பதிலை இங்கே சேர்ப்பதுமாக இருந்தேன். நடுவில் அக்கா ஊருக்குப் பொழுதோடு போய்ச் சேருகிற பஸ்ஸைப் பற்றிய கவலை வேறு. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பலகாரம் போய்ச் சேர வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு துக்க வீட்டிலிருந்து எதையும் வாங்க மாட்டார்கள்.

"சட்டி எப்பிடிலே இருக்கு?" என்றாள் அம்மா திடீரென்று.

கைகளை விரித்துக் காட்டினேன்.

"அகலத்தைக் கேக்கலை. ஆழம்?"

அதை நான் பார்த்திருக்கவில்லை. போய்ப் பார்த்தேன். சித்தியின் சட்டி தட்டையானது. உருண்டையில் பாதிதான் எண்ணெய்க்குள் இருந்தது. மேல்பாதி பச்சை மாவாக வெளியே நின்றது. எங்கள் வீட்டுச் சட்டி குழியானது. அதில் இந்த அளவு உருண்டை முழுசாக முங்கிவிடும். திருப்பவே வேண்டாம்.

"அதான் சங்கதி. திருப்பக் கூடாதுன்னு சொல்லு. கரண்டியால எண்ணெயைக் கோரி மேல ஊத்தி ஊத்தி வேக வைக்கச் சொல்லு. மேல தோல் கட்டின பொறவு திருப்பினாப் போதும்."

சொன்னேன். சித்தி முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினாள். "கொழந்தைக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுத மாதிரில்லா இருக்கு. நாளைக்குத் தலைக்குக் குளிக்க வேண்டாம், இன்னைக்கே ஆச்சு." ஆனால் விடாமல் ஊற்றினாள். தன் வீட்டு வேலையை ஓரமாக வைத்துவிட்டு ஊற்றினாள். சிலது அப்படியும் உடைந்தன. முழுசாக வந்ததைப் பொறுக்கி எடுத்துத் தூக்குவாளியில் அடுக்கினேன். அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள்.

மழை மேகம் மேற்கே மலைப் பக்கம் கட்டி நின்றது. பஸ்ஸில் பட்டாசுப் பொட்டலங்களோடு ஒரே கூட்டம். தூக்குவாளியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

புளியங்குடியில் அக்காவின் மாமியார் முற்றத்தில் நின்றிருந்தார்கள். "வா தம்பி. அம்மை எப்பிடி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தூக்குவாளியைப் பார்த்தார்கள். "இது எந்த அடுப்புல சுட்டது?"

"பக்கத்து வீட்டுல."

"பூரணம்?"

"எங்க வீட்டுல."

கொஞ்சம் யோசித்தார்கள். கோபம் ஒன்றும் இல்லை. "சரி. சாமிக்குப் படைக்கிறதோட சேக்க வேண்டாம், தாயி. தனியா வையி" என்று அக்காவிடம் சொன்னார்கள்.

உள்ளே ஓரகத்திமாரின் கூடைகள் வரிசையாகக் கோலத்தின் மேல் இருந்தன. அக்கா தூக்குவாளியை வாங்கி, தள்ளி, அரிசிப்பானைக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். மூத்த ஓரகத்தி எட்டிப் பார்த்தாள்.

"யாத்தே! இது சுசியமா, தேங்காயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். "எங்க வீட்டுல இப்பிடித்தான்" என்று ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தாள். "அப்பா உருட்டுதாப்லயே..." என்றாள். முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"நல்ல நாள் பொழுதுல கண்ணைக் கசக்காத தாயி. வெளக்கு வைக்கிற நேரம்" என்றார்கள் மாமியார்.

அக்கா சுசியத்தோடு புறவாசலுக்குப் போய்த் துவைகல் பக்கத்தில் நின்றுகொண்டாள். அழுதுகொண்டே கடித்தாள். கடித்துக்கொண்டே அழுதாள். ஓரகத்திமார் முன்னால் தலைகுனியக் கூடாது என்று கொண்டுவந்த பண்டம் அது. நான் அவள் பக்கத்தில் நின்றேன். அத்தான் வந்தார். அவரும் ஒன்றை எடுத்துப் பாதி கடித்தார். "மத்தியானச் சோறு வேண்டாம்னு மாமா சொன்னாக" என்றார். மீதிப் பாதியை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று மாமியார் எலுமிச்சம்பழம் நிறைத்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்.

"உடையாமப் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சு."

"எல்லாருக்கும் முன்னால தொறந்து வச்சாளா?"

"வச்சா."

"ஓரகத்திக்காரி என்ன சொன்னா?"

"தேங்காய் மாதிரி இருக்குன்னாங்க."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. "ஒங்கக்கா?" என்றாள்.

"ஒண்ணு முழுசாத் தின்னாம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தூக்குவாளியிலிருந்து பழங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

அடுப்படியில் பூரணம் கிண்டின உருளியின் அடியில் கொஞ்சம் மீதி இருந்தது. ஆறி இறுகிப்போயிருந்தது. எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க முடியாது. பக்கத்து வீட்டில் அடுப்பை மெழுகிக் கோலம் போட்டுவிட்டார்கள். பூரணத்தைத் தூரக் கொட்ட அம்மாவுக்கு மனம் வராது.

"இதை என்னலே செய்ய?" என்று உருளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தெரியலையேம்மா" என்றேன்.

தெருவில் யாரோ முதல் வெடியைப் போட்டார்கள். கொட்டிலில் மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. அம்மா பூரணத்தின் மேல் ஒரு தட்டை வைத்து மூடினாள்.