மூன்று முறை அரைத்த மாவு

மாவு மில்காரர் யாரையும் லேசில் நம்புகிறவர் இல்லை. சர்க்கரை நோயாளியான மனைவிக்கென்று தவிடு நீக்காத முழுக்கோதுமை ரொட்டி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு வாரம் ரொட்டி மிருதுவானது. அவளுடைய சர்க்கரையும் கூடவே ஏறியது. சந்தேகம், ரொட்டி சுடும் மச்சான்மேல் விழுந்தது.

"மைதா கலக்குறியாடா?"

"எங்க அக்காவுக்கே கலப்படம் பண்ணுவேனா மாமா? பக்கத்துலயே நின்னு பாருங்க."

நின்று பார்த்தார். மைதா இல்லை. மனம் ஆறாமல் மாவை விரலில் தேய்த்தார். முகப்பவுடர்போல வழுக்கியது.

"முன்னாடி கொரகொரன்னு இருந்துச்சே?"

"அக்காவுக்குத் தொண்டையில இறங்கலன்னு மூணு தடவை அரைச்சு அனுப்புறது யாரு? நைசா அரைச்சா சீக்கிரம் செரிச்சு சர்க்கரை ஏறும்னு டாக்டர் சொன்னப்ப, அவருக்கு மில்லைப் பத்தி என்ன தெரியும்னு சிரிச்சீங்க."

மில்காரர் மில்லுக்குப் போய், அரவைக் கற்களின் இடைவெளியைக் கூட்டினார்.

மறுநாள் ரொட்டியைக் கடித்த மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மணல் எதுவும் கலந்தீங்களா?"

"மென்னு சாப்பிடு."

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அவள் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு விரலை நீட்டச் சொன்னார்.