அன்னாசித் தோட்டத்தில் எடுத்த படம்

சுற்றுலா வேன் ஓட்டும் அவரை வண்டி நிறுத்தத்தில் எல்லோரும் ‘மைக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அளவுக்கு வாய் ஓயாது. காலையில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கினால், மதியம் கடற்கரையில் இறக்கிவிடும் வரை ரப்பர் காட்டுக்கு ஒரு கதை, ஆற்றுப் பாலத்துக்கு ஒரு கதை.

நடுவில் அன்னாசித் தோட்டத்தில் பத்து நிமிடம் வண்டி நிற்கும். செம்மண் சரிவு, வரிசையாகச் செடிகள், தூரத்தில் கோடு போட்டாற்போல் கடல். களை பறிக்கும் பெண்களைப் பார்த்து, “கொஞ்சம் நிமிந்து இப்படிப் பாருங்கம்மா! உங்க படம் உலகமெல்லாம் சுத்தப் போகுது!” என்று குரல் கொடுப்பார்.

அன்றும் கொடுத்தார். நான்கு பேர் நிமிர்ந்தார்கள். ஓரத்தில் இருந்தவள் மட்டும் நிமிரவில்லை.

“அந்தக் கடைசி அம்மா, வெக்கப்படாதீங்க. ஒரே ஒரு சிரிப்பு!”

பயணிகள் கைதட்டினார்கள். அவள் மெல்ல எழுந்து முகத்தில் சுற்றியிருந்த துணியை இறக்கினாள். அவருடைய அக்கா.

அப்பா போன பிறகு அவரை ஆளாக்கியவள். தையல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பதாகத்தான் போனில் சொல்வாள். வாரம் மூன்று முறை அவள் வீட்டைத் தாண்டித்தான் போகிறார். உள்ளே எட்டிப் பார்த்து ஒன்றரை வருடம்.

அக்கா முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்து, கேட்டபடியே சிரித்தாள். ‘அக்கா’ என்ற சொல் அவர் தொண்டை வரை வந்தது. பன்னிரண்டு பேர் முன்னால் நா எழவில்லை. “போலாமா?” என்று வண்டியைக் கிளப்பினார்.

மீதி வழி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் கடலில் ஆட, அவர் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். முள் கிழித்த விரல்களுக்கு அவள் மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

“வாடா. சாப்பிட்டியா?”

“கம்பெனி என்னக்கா ஆச்சு?”

“மூடி ரெண்டு மாசம். உன் வண்டி வர்றப்பல்லாம் குனிஞ்சுக்குவேன். இன்னைக்கு நீ விடல.”

“ஏன்க்கா என்னைத் தெரியாத மாதிரி நின்ன?”

“நீ தெரிஞ்ச மாதிரி நின்னியா?”

 

இப்போதும் வேன் அங்கே நிற்கிறது. யாரையும் நிமிரச் சொல்வதில்லை. தண்ணீர் பாட்டிலோடு இறங்கிப்போய் அக்காவிடம் கொடுத்துவிட்டு வருகிறார். போன வாரம் கூடவே இறங்கி வந்த ஒரு பயணி, “யாருங்க அவங்க?” என்று கேட்டார்.

“தெரிஞ்சவங்க” என்றார்.

அக்கா காதில் அது விழுந்திருக்கும்.