வெங்காயம் எண்டால் கொத்து

சாப்பாட்டுக்கடையில் பரிமாற நல்ல கால் வேணும் என்பார்கள். பொய். நல்ல தலை வேணும். எனக்கு எலிக்காய்ச்சல் முற்றி, நினைவில்லாமல் கிடந்து பிழைத்த பிறகு, படித்தது எதுவும் தலையில் நிற்கவில்லை. ஏ.எல். படிப்பை விட்டேன். என்னைப்போல ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி, சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற ஆக்களே, இது உங்களுக்குத்தான்.

உது ஒண்டு

கோப்பாயில் கொத்துரொட்டி போடுகிற கடையில் சேர்ந்த புதிது. ஒருவர் பக்கத்து மேசைச் சாப்பாட்டுக் கோப்பையைக் காட்டி, "தம்பி, எனக்கும் உது ஒண்டு" என்றார். சமைக்கிற குசினியின் வாசலுக்குப் போவதற்குள் மறந்துவிட்டது. விடுவேனா? "உது ஒண்டு!" என்று கத்தினேன். கொத்துகிற சத்தம் நின்றது. கடை முழுக்க என்னைப் பார்த்தது. சமையல்கார ராசன் அண்ணை கேட்டார்: "உது எண்டால் எதடா? கொத்தோ, இடியப்பமோ?"

காவல்காரர்

கோயில் திருவிழா முடியுமட்டும் பார்ப்போம், சரிவராவிட்டால் வேலையால் நிற்பாட்டுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். கிளினிக்கில் டொக்டரிடம் நேராகவே கேட்டேன், நான் மூளை மழுங்கின மொக்கனாகிவிட்டேனா என்று. அவ சிரித்தா. உடம்பில் கிருமியோடு சண்டை பிடிக்கிற கலங்கள், அதுதான் செல்கள், பெரிய சண்டையை மறக்காதாம். மூளைக்குள்ளும் காவல் கலங்கள் இருக்காம். கிருமி போன பிறகும் சிலருக்கு அவை உசாராகவே நின்று, மூளையைத் தன் வேலை பார்க்க விடாமல் வைத்திருக்கலாமாம். ஆராய்ந்துகொண்டுதான் இருக்கினமாம். கடைசியில் சொன்னா: "நீ மொக்கன் இல்லையடா. சண்டை முடிஞ்சது உன்ரை காவல்காரருக்கு இன்னும் தெரியேல்லை."

பூசைத் தட்டம்

கடதாசித் துண்டில் எழுதினால் எண்ணெய்க் கையோடு ராசன் அண்ணை வாசிக்கமாட்டார். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு மேசைக்கும் அதன் விரிப்பின் நிறத்திலேயே ஒரு தட்டு. கொத்துக்கு வெங்காயம், முட்டைக்கொத்துக்கு முட்டைக்கோது, மரக்கறிக்குக் கறிவேப்பிலை, உறைப்புக்குப் பச்சை மிளகாய். ஓடர் சொல்லச் சொல்ல எடுத்து வைத்து, தட்டைக் குசினிக்குள் நீட்டுவேன். முதல் தட்டைக் கண்டதும் ராசன் அண்ணை சொன்னார்: "பரிமாற வந்தனியோ, பூசைக்கு வந்தனியோ? தேங்காயும் கொண்டு வாவன்!"

தேர் அண்டைக்கு

அன்று தேர் பார்த்த சனம் முழுக்கக் கடைக்குள். எங்கள் கடையில் பரிமாற நல்ல தலை உள்ள வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் விரதக்காரருக்குக் கோழிக்கொத்து வைத்து ஏச்சு வாங்கினார்கள். என் தட்டுகளில் ஒரு பிழையும் வரவில்லை. ஒன்றுகூட! கடை பூட்டும்போது முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். என்னைக் காட்டி அவர் சொன்னார்: "உவன் நிக்கட்டும். மற்ற ரெண்டு பேருக்கும் தட்டு வைக்க உவனே பழக்கட்டும்."

என் காவல்காரர் ஆற அமரவே சமாதானம் ஆகட்டும், அதுவரை என் மூளையின் வேலையை வெங்காயம் பார்த்துக்கொள்ளும்.