ஃப்ரிட்ஜில் ஒரு கிண்ணம் கரி

நாகப்பட்டினத்திலிருந்து மாற்றலாகிப் போன ஒருவரிடம் பழைய ஃப்ரிட்ஜ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டேன். தஞ்சாவூரில் இறக்கிக் கதவைத் திறந்தால் குப்பென்று கருவாட்டு வாடை. சோப்பு, எலுமிச்சை, சோடா உப்பு எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. எங்கள் வீடு பரம்பரைச் சைவம். அந்த வாரம்தான் திருவாரூரிலிருந்து மாமியார் ஒரு மாதம் தங்க வருவதாக இருந்தது. வாடை மூக்கில் பட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். மருமகள் வீட்டில் மீன் நாறுகிறது என்ற பேர் சொந்தக்காரர்கள் நடுவே என் ஆயுளுக்கும் நிற்கும்.

நான் பிளஸ் டூ வேதியியல் ஆசிரியை. பரப்புக் கவர்தல் பாடத்தை இருபது வருஷமாக நடத்துகிறேன். கரித்துண்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். காற்றில் திரியும் வாடை அந்தத் துளைச் சுவர்களில் போய் அப்பிக்கொள்ளும். இஸ்திரி வண்டிக்காரரிடம் கரி வாங்கி, இடித்துக் கிண்ணத்தில் போட்டு, தயிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மூன்றே நாளில் வாடை போன இடம் தெரியவில்லை. பாடப்புத்தகம் வீட்டுக்கு உதவியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமியார் வந்த மறுநாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கரியத் திங்கறதுக்கு ஒளிச்சு வேற வைக்கணுமா? உன் புருஷன் வயித்துல இருந்தப்ப எனக்குச் சாம்பல்னா உசிரு. எத்தனை மாசம்?"

எனக்கு வயது நாற்பத்து நான்கு. மகள் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க அத்தை."

"பின்ன கரி எதுக்காம்?"

"பல்லு வெளக்க," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஃப்ரிட்ஜுல வச்சா?"

அதற்குள் கும்பகோணத்து நாத்தனாருக்குப் போன் போயிருந்தது. அவள் வழியாக ஊர் பூராவும் போயிருந்தது. சாயங்காலம் என் கணவர் ஒரு பை மாங்காயோடு வந்து, "எங்கிட்டகூடச் சொல்லலையே," என்று குறைப்பட்டுக்கொண்டார். வெட்கத்தில் பிராணன் போயிற்று. இனி எது நடந்தாலும் சரி என்று மாமியாரிடம் போய் உண்மையை உடைத்தேன்.

"அத்தை, அது பழைய ஃப்ரிட்ஜ். உள்ள மீன் வாடை அடிச்சுது. அது போகத்தான் கரி வச்சேன்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். பெட்டியை எடுக்கத்தான் போகிறார் என்று பயந்து நின்றேன்.

"மீனுன்னு வெளியில மூச்சு விடாத," என்றார் தணிந்த குரலில். "யாரு கேட்டாலும் மாசமா இருக்கேன்னே சொல்லு."