வளைவில் இருந்த லிகெரியின் படம்

லிகெரியைச் செத்தவளாக்கியது அவள் தம்பி தொதோரிஸின் பாசம்தான். போன வருஷம் கர்தமிலி ஊருக்கு இறங்கும் சாலை வளைவில் மலையிலிருந்து பாறை சரிந்து, அவள் ஓட்டி வந்த சுற்றுலா பஸ் ஒலிவ் தோப்புக்குள் உருண்டது. நல்லவேளை, பஸ்ஸில் பயணிகள் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அக்கா பிழைத்த சந்தோஷத்தில் தம்பி அந்த வளைவில் இரும்புக் கால் நட்டு, அதன்மேல் பெட்டி அளவில் ஒரு குட்டிக் கோவில் வைத்தான். அதுவரை சரி. எங்கள் கரையோரச் சாலையில் விபத்து நடந்த இடத்தில் பிழைத்தவர்களும் வைப்பார்கள், செத்தவர்களுக்காகவும் வைப்பார்கள். ஆனால் செத்தவர்களுக்கு மட்டும்தான் படம் உண்டு. இந்த அறிவுக்கொழுந்து, புனித நிக்கோலாவுக்கும் எண்ணெய் விளக்குக்கும் பக்கத்தில் அக்காவின் கல்யாணப் படத்தைச் சொருகிவிட்டான்.

"எடுத்துடுடா" என்றாள் லிகெரி.

"நேர்ந்து வச்சத எடுத்தா புனிதர் கோவிச்சுக்குவாருக்கா."

"நான் கோவிச்சுக்கிட்டா பரவாயில்லையா?"

படம் அங்கேயே இருந்தது. அதற்குள் வேறு கவலை வந்துவிட்டது. அவள் எழுந்து நடமாடியதும் பஸ் முதலாளி பியெரோஸ், "ஒரே ஒரு பயணம் தரேன். ஒருத்தர் முகம் சுளிச்சாலும் சாவி என் மருமகனுக்கு" என்றார். அந்த மருமகனுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக்கூட ஒழுங்காகத் தெரியாது. லிகெரி சாவியை வாங்கிக்கொண்டாள். வீட்டில் உட்கார்ந்து பீன்ஸ் உரிக்கிற எண்ணம் அவளுக்கு எந்நாளும் இருந்ததில்லை.

பயணிகள் திரிப்போலி ஊர்த் தேவாலயச் சங்கத்துப் பெண்கள். முன் இருக்கையில் மெத்தாக்ஸியா என்ற கிழவி, மற்றவர்களையெல்லாம் மேய்த்துக்கொண்டு வந்தாள். கம்போஸ் மேட்டில் பழைய கோட்டையைப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு இறக்கம். கடல் சட்டென்று விரிந்தது. அந்த வளைவை நிற்காமல் தாண்டிவிட வேண்டும் என்றுதான் லிகெரி நினைத்திருந்தாள்.

"நிறுத்தும்மா. அந்தக் கோவில்ல விளக்கு அணைஞ்சு கிடக்கு" என்றாள் மெத்தாக்ஸியா.

அணைந்த விளக்கைப் பார்த்தும் போக எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. லிகெரி ஓரங்கட்டினாள். கிழவி விளக்கை ஏற்றினாள். படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"பாவம், சின்ன வயசு. நம்ம டிரைவர் ஜாடையா இருக்கே. உன் அக்காவாம்மா?"

"நான்தான் அது, பெரியம்மா."

எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி, "செத்தவ ஓட்டுற பஸ்ஸுல நான் ஏற மாட்டேன்" என்றாள். லிகெரி பாறை விழுந்த கதையைச் சொன்னாள். அதே டிரைவர், அதே வளைவு என்று அது இன்னும் மோசமாகப் போயிற்று.

அவள் படத்தை உருவி சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். புனிதர் கோவித்தால் கோவிக்கட்டும்.

"இந்த வளைவ இன்னிக்கு நான் தாண்டியே தீருவேன். பயமா இருக்கறவங்க நடந்து வாங்க, அந்தப் பக்கம் நிக்கறேன்."

"எனக்கு முட்டி வலி. நடந்து சாவறதுக்கு உக்காந்தே சாவலாம்" என்று மெத்தாக்ஸியா மறுபடி முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

லிகெரி வண்டியைக் கிளப்பினாள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தோப்பு, கீழே கடல். ஹாரன் அடித்தாள், முதல் கியரில் மெல்லத் திருப்பினாள். பஸ் திரும்பியது, தாண்டியது, அவ்வளவுதான். இத்தனை மாதம் அவள் கனவில் வந்து பயமுறுத்திய வளைவு அது. அழுகை வந்தது, சந்தோஷ அழுகை. கிழவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மற்றவர்கள் மூச்சிரைக்க நடந்து வந்து ஏறினார்கள்.

சாயங்காலம் வாத்தியா ஊரின் பழைய கோபுர வீடுகளுக்குக் கீழே எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, புகார் உண்டா என்று கேட்கப் பியெரோஸ் போனில் கூப்பிட்டார். சாவி விஷயத்தை அதற்குள் லிகெரியிடம் கறந்திருந்த மெத்தாக்ஸியா, அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"புகாரா? ஒண்ணு இருக்கு. அந்த வளைவுக் கோவில்ல படம் வைக்கிற இடம் காலியா கிடக்கு. அடுத்த தடவை வேற டிரைவர அனுப்பிப் பாரு, அங்க உன் படத்த வச்சிருவோம்."