மதிலோரம் தேக்கிய மழை

ஹெப்பகோடியில் வீடு கட்டிய புதிதில் பெர்மாகல்ச்சர் என்ற இயற்கைத் தோட்ட முறை வகுப்புக்குப் போனேன். மழைநீர் ஒரு சொட்டும் தெருவுக்குப் போகக்கூடாது என்ற வெறியில், தோட்டத்து மதிலை ஒட்டி நீளப் பள்ளம் வெட்டினேன்.

முதல் பெருமழை விட்டதும், தளும்பி நின்ற பள்ளத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மதிலடியில் குமிழிகள் கிளம்பின. மதில் மெல்லப் பக்கத்து வீட்டுப் பக்கம் சாயத் தொடங்கியது. அங்கே அந்த வீட்டுக் கன்னடப் பெண் மஞ்சுளா துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சுளா, எந்திரிச்சு ஓடு!"

"இருங்கக்கா, இன்னும் ஸ்வல்பதான் பாக்கி, ரெண்டே துணி."

"சுவரு விழுதுடி!"

நிமிர்ந்து பார்த்தவள் பாய்ந்து விலகினாள். அவள் துவைத்த கல்மேலேயே மதில் விழுந்தது.

நிரம்பினால் தண்ணீர் எங்கே வழியும் என்று முதலில் பார்க்கச் சொல்லித்தான் வகுப்பில் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது வடிகாலை வெட்டிய பிறகே, மதிலைவிட்டுத் தள்ளிப் பள்ளம் தோண்டுகிறேன். புது மதிலும் கட்டிக்கொடுத்தேன். ஆனாலும் மஞ்சுளா துவைக்கும் கல்லை வாசல் பக்கம் மாற்றிவிட்டாள்.